சட்டம் தந்த மாத்திரையைக் கடையில் வைக்க வழி செய்யுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு சின்ன ஊரில் மருந்துக் கடை நடத்துகிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்துப் பதிவு செய்தவள். ஒன்பது வாரத்துக்கு உட்பட்ட கருவைக் கலைக்க நம் நாட்டில் சட்டப்படி ஒரு மருந்து இருக்கிறது, அதை எழுதித் தரத் தகுதியுள்ள மருத்துவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சீட்டை எடுத்துக்கொண்டு வரும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கத்தான் கடை இல்லை. இதில் பெரும்பகுதியை டெல்லி வரை போகாமல் மாநில அரசே சரிசெய்ய முடியும். அதைக் கேட்டுத்தான் இந்த மடல். மனுவாக எழுதினால் ஒரு கோப்புக்குள் போய்விடும், அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த மாத்திரைக்காக வருகிறவர்கள் கடைக்குள் உடனே ஏற மாட்டார்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். வேறு யாராவது வந்துவிட்டால் ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பவும் ஓரமாகப் போய் நிற்பார்கள். போன மழைக்காலத்தில் ஒரு பெண் இப்படி வந்தார், இடுப்பில் ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளை. கையில் இருந்த சீட்டு பக்கத்து டவுனில் ஒரு மகப்பேறு மருத்துவர் எழுதியது. பதிவு எண், முத்திரை, தேதி, ஆறு வாரம் என்ற குறிப்பு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. "நாலு கடை ஏறி இறங்கிட்டேன்க்கா, எல்லாரும் சீட்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துடுறாங்க" என்றார். அவர் எதிரிலேயே எனக்கு மருந்து சப்ளை செய்யும் மொத்த விற்பனையாளரான ஸ்டாக்கிஸ்டுக்குப் போன் போட்டேன். "அதையெல்லாம் நாங்க தொடுறதே இல்லம்மா, உங்களுக்கு எதுக்கு வம்பு" என்று வைத்துவிட்டார். அந்தப் பெண் சீட்டை மறுபடி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

அப்புறம் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படித் திரும்பிப் போகிறவர்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கையில் காசு இருந்தால் தனியார் மருத்துவமனையில் டி.என்.சி. (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் சிகிச்சை) செய்துகொள்வார்கள், மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியதற்குப் பல ஆயிரம் செலவழித்து. காசு இல்லாவிட்டால் யாரோ ஒருவர் அட்டையும் இல்லாமல் விளக்கச் சீட்டும் இல்லாமல் உதிரியாகக் கொடுக்கும் மாத்திரை. எத்தனை போட வேண்டும், எவ்வளவு நேரம் கழித்துப் போட வேண்டும் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. இல்லையென்றால் பப்பாளி, எள்ளு, கஷாயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்துவார்கள். ஆறு வாரம் பத்து வாரமாகிவிடும், பத்து பதினாலாகிவிடும், எளிதாக முடிந்திருக்க வேண்டியது ஆபத்தாகிவிடும்.

படிக்கிற பொதுமக்களுக்காக இந்த மருந்து என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே அட்டையில் ஐந்து மாத்திரை. ஒன்று மைஃபிப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். மற்ற நான்கும் மிசோப்ரோஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். முதல் மாத்திரை கரு வளரத் தேவையான ஹார்மோனைத் தடுக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து எடுக்கும் நான்கும் கருப்பையைச் சுருங்கச் செய்து வெளியேற்றும். வயிற்று வலி, மாதவிலக்கைவிட அதிகமான ரத்தப்போக்கு, சில நேரம் காய்ச்சல், குளிர் இருக்கும். சரியான காலத்தில் சரியான முறையில் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வேறு எதுவும் தேவைப்படாமல் முடிந்துவிடும். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது, அது உயிருக்கே ஆபத்து, அதனால்தான் முன்னால் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்கிறோம். மைஃபிப்ரிஸ்டோனுக்கு இந்தியாவில் 2002-லேயே அனுமதி கிடைத்தது, இரண்டும் சேர்ந்த அட்டைக்கு 2008-ல். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த இரண்டையும் எந்த அடிப்படை மருத்துவ அமைப்பிலும் கட்டாயம் இருக்க வேண்டிய அத்தியாவசிய மருந்துகளின் முக்கியப் பட்டியலுக்கு மாற்றியது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், அதன் 2021 திருத்தம், அதே ஆண்டு அக்டோபரில் வந்த விதிகள் எல்லாம் உங்கள் மேஜையிலேயே இருக்கும். ஒன்பது வாரம் வரை, தகுதி பெற்ற மருத்துவர் தன் கிளினிக்கில் உட்கார்ந்தே இந்த மருந்தை எழுதித் தரலாம். அவசரம் என்றால் அனுப்ப அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை ஒன்றோடு அவருக்குத் தொடர்பு இருக்க வேண்டும், அதற்கான சான்றைக் கிளினிக்கில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதித் தரலாம் என்று விதி சொன்னால், அதை ஒரு கடையில் வாங்கலாம் என்றுதானே அர்த்தம்? ஆனால் அந்த மருந்தின் அட்டையை எடுத்துப் பாருங்கள். சட்டத்தில் சொல்லப்பட்ட மருத்துவமனையில், மருத்துவச் சேவை தருகிறவரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதில் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. விதி ஒரு பக்கம் இழுக்கிறது, அட்டை இன்னொரு பக்கம் இழுக்கிறது. நடுவில் நிற்கிற கடைக்காரர் என்ன செய்வார்? வைத்தால் கேள்வி வருமோ, லைசென்ஸுக்குப் பங்கம் வருமோ என்று யோசித்து, வைக்காமல் இருந்துவிடுகிறார். வைக்காததற்காக யாரும் அவரிடம் கேள்வி கேட்கப் போவதில்லையே. சட்டம் எதுவும் தடைசெய்யாமல், உத்தரவு எதுவும் போடாமல், ஒரு மருந்து கடைகளிலிருந்து காணாமல் போவது இப்படித்தான்.

இதை உங்கள் துறை ஒரு பக்கச் சுற்றறிக்கையில் தீர்க்கலாம். தகுதியுள்ள மருத்துவரின் சீட்டுக்கு இந்த மருந்தைக் கொடுப்பது குற்றம் இல்லை. ஷெட்யூல் ஹெச், அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துக்கு என்ன பில், என்ன பதிவேடோ அதேதான் இதற்கும். அதற்கு மேல் வாங்குகிறவர் விலாசம், ஆதார் நகல் என்று எதையும் கேட்கக் கூடாது. இந்த மூன்றையும் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சில்லறைக் கடைகளுக்கும் மொத்த விற்பனையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். மூவருக்கும் ஒரே தாள் போக வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடைக்காரர் ஒன்று நினைக்க, ஆய்வுக்கு வருகிறவர் இன்னொன்று நினைத்தால் பழையபடி அலமாரி காலியாகிவிடும். ஒரு பெண்ணின் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. மருத்துவரிடம் அவ்வளவு ரகசியம் எதிர்பார்க்கிற சட்டத்தின் கீழ், கடையில் மட்டும் பெயர்ப் பட்டியல் எடுப்பது எப்படிச் சரியாகும்?

அதிகாரிகளின் தயக்கத்துக்கு ஒரு நியாயமான பின்னணி உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் சிசுக்கொலைக்காகச் சேலமும் உசிலம்பட்டியும் நாடு முழுக்கப் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்காகத்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமே வந்தது. ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் கலைக்கிறவர்கள் இன்றும் பிடிபடுகிறார்கள். அவர்களைப் பிடியுங்கள், விடாதீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த மாத்திரை ஒன்பது வாரம் வரைக்கானது. ஒன்பது வாரத்தில் எந்த ஸ்கேனிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது, அதற்கு மூன்று மாதமாவது தாண்ட வேண்டும். கருவின் மரபணுவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகூட வழக்கமாகப் பத்து வாரத்திலிருந்துதான் செய்யப்படுகிறது. ஆக, ஆறு வாரம் ஏழு வாரத்தில் சீட்டோடு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்புவதால் ஒரு பெண் சிசுவும் காப்பாற்றப்படுவதில்லை. குற்றம் நடப்பது சட்டவிரோத ஸ்கேன் எந்திரத்தில். அதைப் பிடிக்க 1994-ன் தனிச் சட்டம் இருக்கிறது.

இன்னொரு வாதம், மாத்திரை போட்டுவிட்டு ரத்தப்போக்கோடு அரசு மருத்துவமனைக்கு ஓடி வருகிறார்கள், அதனால் கட்டுப்படுத்த வேண்டும் என்பது. ஓடி வருகிறவர்கள் உண்மை. அவர்களில் எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்து, சீட்டு வாங்கி, முழு அட்டையாக வாங்கியவர்கள் என்று மகப்பேறு வார்டில் வேலை செய்யும் எந்த நர்ஸிடமாவது கேளுங்கள். வாரம் தெரியாமல், அளவு தெரியாமல், கள்ளத்தனமாக வாங்கியவர்கள்தான் அப்படி வருகிறார்கள். 2015-ம் ஆண்டுக்கு இந்தியா முழுக்கக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்தது, அதற்காக நேரில் ஆய்வு செய்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்த ஓராண்டில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள், அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. பெண்கள் எப்படியும் இந்த மாத்திரையைத் தேடிப் போகத்தான் போகிறார்கள். சீட்டும் சரியான அட்டையும் தமிழில் நாலு வார்த்தை விளக்கமும் அவர்களுக்குக் கிடைக்குமா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

மாநில அரசால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே நிலைமை நமக்கு நேர் தலைகீழ். 2022 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியல் சட்டப் பாதுகாப்பையே எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு மைஃபிப்ரிஸ்டோனின் அனுமதியையே ரத்து செய்யச் சொல்லி டெக்சாஸ் மாநிலத்தில் வழக்கு நடந்தது. தீர்ப்பு எப்படி வருமோ என்று இருந்த அந்த நேரத்தில் வாஷிங்டன் மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீ என்ன செய்தார் தெரியுமா? தன் மாநிலத்தின் சிறைத் துறைக்கு மருந்தக உரிமம் இருக்கிறது என்று பார்த்து, அந்தத் துறை மூலமாகவே 30,000 பேருக்கான மைஃபிப்ரிஸ்டோனை முன்கூட்டி வாங்கி வைத்துவிட்டார். சுமார் மூன்று ஆண்டுகளுக்கு வரும் அளவு. அவர் அறிவித்த சில நாட்களிலேயே டெக்சாஸ் நீதிபதி அனுமதியை நிறுத்தி உத்தரவு போட்டார். மாசசூசெட்ஸ் ஆளுநர் தன் மாநிலப் பல்கலைக்கழகத்தை வாங்கச் சொன்னார். நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் மிசோப்ரோஸ்டாலை லட்சக்கணக்கில் சேர்த்தன. தடை உள்ள மாநிலப் பெண்களுக்கு மருந்து அனுப்பும் தங்கள் மருத்துவர்களைப் பாதுகாக்கச் சில மாநிலங்கள் தனிச் சட்டமே போட்டன. 2025-ல் நியூயார்க் மருத்துவர் ஒருவரை லூசியானா அரசு ஒப்படைக்கச் சொன்னபோது நியூயார்க் ஆளுநர் முடியாது என்று மறுத்தார். டெக்சாஸ் வழக்கை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒருமித்துத் தள்ளுபடி செய்ததும் நடந்தது, சண்டை முடியவில்லை என்பதும் உண்மை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தச் சிறைத் துறை உரிமம்தான். செய்ய வேண்டும் என்று நினைத்த அரசு, தன் கையில் என்ன இருக்கிறது என்று தேடி எடுத்தது.

அதே நாட்டில் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். லூசியானா 2024 அக்டோபரிலிருந்து இந்த இரண்டு மருந்தையும் கட்டுப்படுத்தப்பட்ட அபாயப் பொருள் பட்டியலில், தூக்க மாத்திரை வகையறாவோடு சேர்த்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த மிசோப்ரோஸ்டால் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இப்போது பூட்டித் திறந்து எடுக்க வேண்டியிருக்கிறதே என்று அங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். ஒரு மருந்தைச் சந்தேகப் பொருளாக நடத்த ஆரம்பித்தால் அது கருக்கலைப்போடு நிற்காது. பேறுகால இறப்பைக் குறைத்ததில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய தமிழ்நாடு அந்தப் பாதையில் ஒரு அடிகூட வைக்கக் கூடாது.

நம் கையில் என்னென்ன இருக்கிறது? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாநிலம் முழுக்க மருந்தை மொத்தமாக வாங்கிக் கிடங்கு வைத்து விநியோகிக்கும் அந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போயின. அதன் வழியாக இந்த அட்டை தாலுகா மருத்துவமனை வரை, வட்டார ஆரம்ப சுகாதார நிலையம் வரை, இருப்பு தீராமல் போக வேண்டும். 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது நம் அரசு. தனியார் கடைக்காரர் பயப்படுகிறார் என்றால், அரசு பெயர்ப்பலகை உள்ள கடை முதலில் வைக்கட்டும், மற்றவர்களுக்கு அதைவிட நல்ல தைரியம் வேறென்ன வேண்டும்? 104 என்று அரசின் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது. மாத்திரை எடுத்த பெண் ராத்திரி பதினோரு மணிக்கு வலியில் பயந்துபோய், இது இயல்பானதா, எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்று கேட்டால், திட்டாமல் பதில் சொல்லப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் அந்த எண்ணில் இருந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது அடுத்த மணி நேரமும் தொடர்ந்தால் உடனே வா என்று ஒரு வரி சொல்ல ஆள் வேண்டும். அட்டைக்குள் இருக்கும் ஆங்கிலத் துண்டுச் சீட்டு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதைச் சொல்வதில்லை.

மருத்துவர் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். மாத்திரைக் கருக்கலைப்புக்குப் பெரிய பட்டம் வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் மேற்பார்வையின் கீழ் பத்துப் பேருக்கு மாத்திரை முறையில் செய்த எம்.பி.பி.எஸ். மருத்துவரே ஒன்பது வாரம் வரை செய்யலாம் என்று 2021 விதிகள் வழி கொடுத்திருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சியைச் சுழற்சி முறையில் வையுங்கள். ஒரு வட்டாரத்துக்கு இரண்டு பேர் தயாரானாலே மலைக் கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு டவுனுக்கு வரும் பெண்ணுக்கு அலைச்சல் பாதியாகும்.

அப்புறம், ஆஸ்பத்திரிக் கதவு வரை வந்துவிட்ட பெண்ணுக்கு நடப்பதைப் பற்றி. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, கையெழுத்துப் போடணும்" என்பது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் ஐம்பது ஆண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கணவரைக் கூட்டிவர முடியாத நிலையில்தான் பலர் வருகிறார்கள், குடிக்கிறவர், அடிக்கிறவர், வேறு ஊரில் வேலை செய்கிறவர், அல்லது கணவரே இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று இந்தச் சட்டத்தில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பெண் வந்தால், அவளும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இது தெரியாததால் எத்தனை அம்மாக்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை வாசலிலிருந்தே திரும்பியிருப்பார்கள்? இந்தத் தீர்ப்பின் சாரத்தைப் புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க ஒரு போர்டுக்கு மேல் செலவில்லை.

"கலைக்கணும்னா ஆபரேஷன் பண்ணிக்கோ, இல்லேன்னா காப்பர் டி வெச்சுக்கோ" என்று நிபந்தனை போடுவதும் நிற்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். சராசரியாக ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைக்கும் குறைவு. சிறு குடும்பம் என்று அரசு சொன்னதைத் தங்கள் உடம்பில் ஏற்றுக்கொண்டவர்கள் நம் பெண்கள்தான். முதல் பிள்ளைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் உள்ள வருடங்களில், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நாள் தள்ளிப்போகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள். மாத்திரை கேட்டு வந்தவளிடம் மற்ற முறைகளைப் பற்றிப் பேசுங்கள், விளக்குங்கள். அதை ஏற்றுக்கொண்டால்தான் இது என்று பேரம் பேசாதீர்கள்.

நான் கேட்பதில் புதுச் சட்டம் எதுவும் இல்லை. இருக்கிற சட்டத்தை அலமாரி வரைக்கும் கொண்டுவரச் சொல்கிறேன். அட்டையில் அச்சடித்த எச்சரிக்கையை விதிக்கு ஏற்ப மாற்றச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுத வேண்டியது ஒன்றுதான் டெல்லி சம்பந்தப்பட்டது, அதையும் மாநிலம் எழுதினால் மதிப்பு அதிகம். சுற்றறிக்கை, கொள்முதல், பயிற்சி, 104, எல்லாம் உங்கள் கையெழுத்தில் நடக்கிறவை. சுற்றறிக்கை தயாரிக்கும்போது சில்லறைக் கடைக்காரர்களையும் செவிலியர்களையும் இந்தப் பெண்களோடு வேலை செய்யும் அமைப்புகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வர நான் தயார். எந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டம் போதும், எது ஒரு பெண்ணைப் பயமுறுத்தும் என்று கடைக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்குத் தெரியும்.

அதுவரை, முதல் வேலையாக, அந்த ஒரு பக்கத்தை அனுப்புங்கள். அது வந்த அன்றே ஸ்டாக்கிஸ்டுக்கு ஆர்டர் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரி